சர்வர்கள் வீடு மாற்றுகின்றன

நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது எங்கே போனாலும் ஒரு சொல் காதில் விழுகிறது. ஸ்கந்தகிரி கோயிலில் சஷ்டிக்கு வந்த அம்மாவிடம் “பையன் வரவில்லையா?” என்று கேட்டால், “அவனுக்கு மைக்ரேஷன், சனி ஞாயிறு ராத்திரி பூரா வேலை” என்கிறார். கல்யாணப் பேச்சில் பையன் என்ன செய்கிறான் என்று விசாரித்தால் “மைக்ரேஷன் டீமில் இருக்கிறான்” என்று பதில் வருகிறது. இதைக் கேட்ட ஒரு பெரியவர், “எந்த நாட்டுக்கு, கனடாவுக்கா?” என்று ஆவலோடு விசாரித்ததும் உண்டு!

தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து சேர்ந்த நமக்குக் குடிபெயர்தல் புதிதல்ல. ஆனால் கம்ப்யூட்டர் எப்படிக் குடிபெயரும்? அதற்கு ஏன் ராத்திரி? அதற்கு முன்னால் மாதக் கணக்கில் நம் பிள்ளைகள் எக்ஸெல் தாளை வைத்துக்கொண்டு என்னதான் பார்க்கிறார்கள்? ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் தண்டவாளத்தோடு காலம் தள்ளிய எனக்கு இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை. கச்சிபவுலியில் ஒரு கம்பெனியில் இதே வேலையில் இருக்கும் என் தங்கை மகளைப் பிடித்தேன். கம்பெனிக் கோப்பை வெளியில் காட்டக் கூடாது என்பதால், அதே மாதிரி ஒரு போலிப் பட்டியலை என்னிடம் காட்டுவதற்கென்றே தயார் செய்து கொண்டுவந்தாள். கீழே நான் எழுதுவதில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எல்லாம் அவள் பாடம். கருத்து என்னுடையது.

முதலில் சர்வர் என்றால் என்ன? ஹோட்டலில் பரிமாறுகிறவரையும் அப்படித்தான் சொல்கிறோம். அர்த்தம் ஏறக்குறைய அதுவேதான். கேட்கிறவனுக்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கும் கம்ப்யூட்டர். நீங்கள் பாங்கில் பாஸ்புக் போடும்போதும், மொபைலில் டிக்கெட் எடுக்கும்போதும் எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இருக்கும் சர்வர்தான் பதில் சொல்கிறது. முன்பெல்லாம் ஒரு வேலைக்கு ஒரு பெட்டி. சம்பளத்துக்கு ஒன்று, ஸ்டோர்ஸ் கணக்குக்கு ஒன்று. சம்பள சர்வருக்கு மாதக் கடைசியில் மூன்று நாள்தான் முழு வேலை. மற்ற நாளெல்லாம் சும்மா மின்சாரம் குடித்துக்கொண்டு நிற்கும்.

இந்த வீணைத் தவிர்க்க வந்ததுதான் ‘வர்ச்சுவல் சர்வர்’. நம் ஊர் ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக் கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீடு, உள்ளே எட்டுக் குடும்பம். கிணறு ஒன்று, முற்றம் ஒன்று. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு, தனிப் பூட்டு. அது போலவே ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் பத்து இருபது சர்வர்கள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று முழுக் கம்ப்யூட்டர் இருப்பதாகவே நினைத்துக் கொண்டிருக்கிறது. நிஜத்தில் அது வெறும் கோப்பு. இவர்களுக்குள் சண்டை வராமல் தண்ணீரையும் இடத்தையும் பங்கு வைக்கும் வீட்டுக்காரர் ஒரு மென்பொருள். ஐ.பி.எம். கம்பெனி தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு இந்த ஏற்பாட்டை 1972-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. சாதாரண சர்வர்களுக்கு இதைப் பரவலாக்கியது 1998-ல் அமெரிக்காவில் தொடங்கிய வி.எம்.வேர் என்ற கம்பெனி. உலகம் முழுக்கப் பெரிய கம்பெனிகளில் பாதிக்கு மேல் அவர்கள் வீட்டில்தான் குடியிருந்தார்கள் என்றே என் மருமகள் சொல்கிறாள்.

அந்த வீடு கைமாறியதுதான் இப்போதைய பரபரப்புக்குப் பெரிய காரணம். பிராட்காம் என்ற கம்பெனி, 2023 நவம்பரில் சுமார் 6,900 கோடி டாலருக்கு வி.எம்.வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு தடவை பணம் கட்டிவிட்டு எப்போதும் வைத்துக்கொள்ளும் உரிமத்தின் விற்பனையை நிறுத்திவிட்டது. இனிமேல் சந்தாதான், அதுவும் மொத்தக் கட்டாக. சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் வாடகைக்காரர்கள் ஆனார்கள்! அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. டெலிபோன் கம்பெனி இதை எதிர்த்து 2024-ல் நியூயார்க்கில் வழக்கே போட்டது. பிறகு சமாதானமாகப் போய்விட்டார்கள் என்றாலும் அந்த வழக்கில் தெரிய வந்த கணக்கு சுவாரசியமானது. அவர்களிடம் இருந்த வர்ச்சுவல் சர்வர்கள் சுமார் 75,000. அவை குடியிருந்த நிஜப் பெட்டிகளோ சுமார் 8,600. ஒரு வீட்டுக்கு ஒன்பது குடித்தனம் வருகிறது, ஒண்டுக்குடித்தனம் என்று நான் சொன்னது தப்பில்லை.

வாடகை ஏறினால் என்ன செய்வோம்? வேறு வீடு பார்ப்போம். சிலர் வேறு வீட்டுக்காரரிடம் போகிறார்கள். சிலர் அமேசான், மைக்ரோசாப்ட் போன்றவர்களின் கட்டிடங்களில் மாத வாடகைக்குப் போகிறார்கள். அதற்கு ‘கிளவுட்’ என்று பெயர். மேகம் என்றதும் ஆகாயத்தைப் பார்க்க வேண்டாம். அமேசான் 2022 நவம்பரில் நம் ஹைதராபாத்திலேயே அந்தக் கட்டிடங்களைத் திறந்துவிட்டது. மைக்ரோசாப்ட்டும் அதே வருஷம் இந்த ஊரில் இடம் அறிவித்தது. ஆக அமெரிக்கக் கம்பெனியின் சர்வரை மாற்றும் வேலையும், அது போய்ச் சேரும் கட்டிடமும் சில சமயம் ஒரே ஊரில் இருக்கின்றன. 1998-ல் மாதாப்பூர்ப் பாறைகளுக்கு நடுவே சைபர் டவர்ஸ் ஒற்றைக் கட்டிடமாக நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

சரி, வீடு மாற்றுவதற்கு முன் என்ன செய்வோம்? சாமான் பட்டியல் போடுவோம். இங்கேதான் அந்த எக்ஸெல் தாள் வருகிறது.

வி.எம்.வேர் வீட்டில் உள்ள சாமான்களைப் பட்டியல் எடுக்க ஆர்.வி.டூல்ஸ் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ராப் டி வெய் என்பவர் தனி ஆளாக எழுதி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. இப்போது டெல் கம்பெனியிடம் இருக்கிறது. அதைத் திறந்து, வீட்டுக்காரர் சாவியைக் காட்டினால் போதும். எத்தனை சர்வர், ஒவ்வொன்றின் பெயர், ஓடுகிறதா நிற்கிறதா, எத்தனை பிராசசர், எவ்வளவு நினைவகம், எவ்வளவு டிஸ்க், எந்த நெட்வொர்க், உள்ளே விண்டோஸா லினக்ஸா என்று இருபதுக்கும் மேற்பட்ட தாள்களில் கொட்டிவிடுகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் எக்ஸெல் கோப்பாக வெளியே வருகிறது. மைக்ரோசாப்ட்டின் இடமாற்றத் திட்டக் கருவி அந்தக் கோப்பை அப்படியே வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டில் இத்தனை வாடகை ஆகும் என்று கணக்குச் சொல்லிவிடும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம்.

“பின்னே ஏம்மா மூணு மாசம் இதோட மல்லாடறே?” என்று கேட்டேன்.

“பட்டியல் எடுக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம்தான் மாமா. அதைப் படிக்கிறதுக்குத்தான் மூணு மாசம்” என்றாள்.

படிப்பது என்றால் என்ன என்று உதாரணங்களோடு காட்டினாள். ஒரு சர்வருக்கு 500 ஜி.பி. டிஸ்க் ஒதுக்கியிருப்பதாக ஒரு கட்டத்தில் இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் உண்மையாகப் புழங்குவது 60 ஜி.பி. என்று இருக்கிறது. ரேஷன் கார்டில் இருபது கிலோ, வீட்டில் சமைப்பது நாலு கிலோ. முதல் கட்டத்தைப் பார்த்து வாடகை பேசினால் பணம் வீண். அதற்காக இரண்டாவது கட்டத்தை மட்டும் பார்த்தால், தீபாவளிக்கு விருந்தாளி வரும்போது அரிசி போதாது. அடுத்து, நிறுத்தி வைத்த சர்வர்கள். இவை வேண்டுமா வேண்டாமா? அதற்கடுத்து ‘ஸ்னாப்ஷாட்’. ஏதாவது மாற்றம் செய்யும் முன் ஒரு நகல் எடுத்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும், மறந்துவிடுவார்கள். இரண்டு வருஷத்து நகல் டிஸ்க்கை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எந்தச் சர்வருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் டிஸ்க் கோப்புகளுக்கு அந்தக் கருவியே ‘ஜாம்பி’ என்று பெயர் வைத்திருக்கிறது. செத்தும் நடமாடும் பிணம் என்று அர்த்தமாம். நம் ஊரில் ‘வாரிசு இல்லாத சொத்து’ என்று மரியாதையாகச் சொல்லியிருப்போம்.

பெயர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒழுங்காக எண் போட்டவை பாதி. மீதியில் ‘டெஸ்ட்-2’, ‘டெஸ்ட்-2-புதிது’, ‘டெம்ப்’, ‘தொடாதே’ என்றெல்லாம் இருக்கின்றன. ‘தொடாதே’ என்று யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள்? எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகியிருக்கும்.

இங்கே எனக்குப் பழக்கமான வாசனை அடித்தது. ரயில்வேயில் 1992-ல் யூனிகேஜ் திட்டம் என்று ஒன்று தொடங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மீட்டர் கேஜ் பாதைகளை எல்லாம் பிராட் கேஜ் ஆக்குவது. செகந்திராபாத்திலிருந்து நிஜாமாபாத் வழியாக முத்கேட் போகும் நிஜாம் காலத்துப் பாதையும் அப்படி மாறியதுதான். இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர் இருந்ததை 1,676 ஆக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் பெட்டி அகலமாகிறது, எடை கூடுகிறது. அதனால் பாலம், பிளாட்பார ஓரம், சிக்னல் கம்பம், லெவல் கிராசிங், மண்மேடு எல்லாம் மாற வேண்டும். ஆகவே முதல் வேலை பட்டியல்தான். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் பால ரிஜிஸ்டர், வளைவு ரிஜிஸ்டர் என்று அலமாரி நிறைய உண்டு. அதைப் பார்த்து எஸ்டிமேட் போட்டுவிடலாம். ஆனால் ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு பாதை நெடுகிலும் டிராலியிலும் காலாலும் போய்ப் பார்க்காமல் எந்த நல்ல இன்ஜினீயரும் கையெழுத்துப் போட மாட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு செக்‌ஷனில் சிறு குழாய்ப் பாலம் ஒன்று. ரிஜிஸ்டரில் ‘உபயோகத்தில் இல்லை’ என்று எழுதியிருந்தது. நாங்கள் போனதும் கோடைக்காலம். குழாய் எலும்பாய்க் காய்ந்து, பாதி மண் மூடிக் கிடந்தது. அதை அடைத்து மேலே மண்மேட்டை அகலப்படுத்திவிட்டால் செலவு மிச்சம். கூட வந்த வயதான கீமேன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மேலே ஒரு செருவு இருக்கிறது சார். அது நிரம்பிக் கலுங்கு தாண்டினால் தண்ணீர் இந்த வழியாகத்தான் வரும். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை.” அந்தக் குழாயை விட்டுவைத்தோம், பெரிதாகவும் ஆக்கினோம். அவர் அன்றைக்கு லீவில் இருந்திருந்தால், ஏதோ ஒரு மழை ராத்திரியில் அந்த இடத்தில் மண்மேடு கரைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியிருக்கும்.

இதைச் சொன்னதும் மருமகள் சட்டென்று ஒரு வரியைக் காட்டினாள். எட்டு மாதமாக வேலையே செய்யாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வர். அதற்கு ‘தேவையில்லை’ என்று சிவப்பு வண்ணம் அடித்தாயிற்று. கணக்குப் பிரிவில் ஓய்வுபெறப் போகும் ஒரு அம்மாள் மட்டும் அது மார்ச் மாதக் கடைசியில் விழிக்கும் என்று சொன்னார். வருஷாந்தர வருமான வரிக் கணக்கைப் போட்டு, எல்லாருக்கும் படிவம் 16 அடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். காய்ந்த குழாய்க்கும் தூங்கும் சர்வருக்கும் என்ன வித்தியாசம்?

பட்டியல் சாமானைத்தான் சொல்லும், உறவைச் சொல்லாது. இந்தச் சர்வர் யாரைக் கேட்டு வேலை செய்கிறது, இதை நம்பி இருப்பவர் யார், முதலில் எது போக வேண்டும், எவை சேர்ந்தே போக வேண்டும் என்ற விவரம் அந்தத் தாள்களில் இல்லை. கல்யாண வீட்டுக்கு நூறு பேர் பெயரை எழுதிக் கொடுத்தால் யார் யாரோடு பேச மாட்டார்கள் என்று அந்தக் காகிதத்தில் தெரியுமா? அத்தையைக் கேட்டால்தான் தெரியும். சர்வர்களுக்கிடையே போகும் பேச்சுவார்த்தையை நெட்வொர்க்கில் ஒட்டுக்கேட்டுப் படம் போடும் கருவிகளும் உண்டாம். ஆனால் ஒரு மாதம் ஒட்டுக்கேட்டால் அந்த மாதம் பேசியவர்கள்தான் தெரிவார்கள். மார்ச் மாதத்துக்காரர் அகப்பட மாட்டார்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரன் இதில் கெட்டிக்காரன். இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, ஏழடி அகலத்துக்குச் சற்றே கூடுதலான தன் பிராட் கேஜின் கடைசிப் பகுதியை 1892 மே 21, 22 என்ற இரண்டே நாளில், ஒரு சனி ஞாயிறில், ஸ்டாண்டர்டு கேஜாக மாற்றியது. சுமார் 171 மைல், நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். திங்கட்கிழமை வண்டி ஓடியது. அதில் எனக்குப் பிடித்த பகுதி தண்டவாளத்தை நகர்த்தியது இல்லை. அதற்கு முன்னால் பழைய கேஜ் வண்டி ஒன்றுகூட அந்தப் பக்கம் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அது அங்கேயே சிறைதான். அதற்காக ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரும் தன் எல்லையில் பழைய வண்டி எதுவும் இல்லை என்று கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் சரிபார்த்துக்கொண்டே கடைசி வண்டி ஊர் ஊராகக் காலி செய்தபடி போனது. வந்த வண்டிகளை நிறுத்துவதற்காக ஸ்விண்டனில் 15 மைல் நீளத்துக்கு சைடிங் போட்டு வைத்திருந்தார்கள். தலைமை அலுவலகத்தில் பட்டியல் இருந்தது. ஆனாலும் அந்தந்த ஊர்க்காரனின் கையெழுத்தை வாங்கினார்கள்.

இவ்வளவு தூரம் போவானேன், நம் செகந்திராபாத்துக்கே வருவோம். நான் ரிசர்வேஷன் பிரிவில் இருந்தவன் இல்லை. ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போக வரிசையில் நின்றவன். சார்மினார் எக்ஸ்பிரசில் இங்கிருந்து போக ஒரு மாதிரி இடம் பிடித்துவிடலாம். திரும்பி வருவதற்குத்தான் திண்டாட்டம். தந்தி அடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததும், சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கியதும் இறங்காததுமாகக் குழந்தைகளை மூட்டை மேல் உட்கார வைத்துவிட்டுத் திரும்பும் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றதும் நம் தலைமுறையில் யாருக்கு மறக்கும்?

1985-ல் டில்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் சோதனையாகத் தொடங்கியது. சி.எம்.சி. நிறுவனம் எழுதிய ‘இம்ப்ரெஸ்’ என்ற மென்பொருள். வாக்ஸ் கம்ப்யூட்டரில், ஃபோர்ட்ரான் மொழியில். அடுத்த சில ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஊர்களும் சேர்ந்தன. ஆனால் ஐந்தும் ஐந்து தீவுகள். ஒவ்வொன்றும் தன் வட்டாரத்து ரயில்களின் இடங்களைத் தன்னிடமே வைத்திருந்தது. ஆகவே கம்ப்யூட்டர் வந்த பின்னும் நம் ரிட்டர்ன் டிக்கெட் கஷ்டம் முழுவதும் தீரவில்லை. 1986-ல் ரயில்வே தன் கம்ப்யூட்டர் வேலைகளுக்கென்றே ‘கிரிஸ்’ என்ற அமைப்பை ஏற்படுத்தியது. அவர்கள் ஐந்து தீவுகளையும் இணைக்கும் ‘கான்செர்ட்’ என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். அது முதன்முதலில் ஓடியது எங்கே தெரியுமா? 1994 செப்டம்பரில், நம் செகந்திராபாத்தில்! ஐந்து ஊர்களும் ஒன்றாக இணைந்து முடித்தது 1999 ஏப்ரலில். எந்த ஊர்க் கவுன்டரிலிருந்தும் எந்த ஊர் ரயிலுக்கும் டிக்கெட் என்ற நிலை அப்போதுதான் முழுமையாக வந்தது.

இந்த ஐந்து வருஷ இடைவெளியைப் பார்த்து ரயில்வே என்றாலே மெத்தனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ரயிலின் ரிசர்வேஷன் என்பது எத்தனை பெட்டி, எத்தனை படுக்கை என்ற எண்ணிக்கையோடு முடிவதில்லை. பொது, பெண்கள், ராணுவம், அவசரம், வெளிநாட்டார், நடுவழி ஸ்டேஷன்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கீடு. அது ரயிலுக்கு ரயில் மாறும். அத்தோடு ஏற்கெனவே விற்றுவிட்ட, இனிமேல் பயணம் செய்யப் போகிற டிக்கெட்டுகள். ஒரு படுக்கை இடமாற்றத்தில் தவறினால், நள்ளிரவில் ஒரு ஸ்டேஷனில் கைக்குழந்தையோடு ஏறும் ஒரு குடும்பத்துக்கு இடமில்லை என்று ஆகிவிடும். இந்த வழக்கங்களில் பல, கவுன்டரில் உட்கார்ந்த குமாஸ்தாக்களின் தலைக்குள் இருந்தவை. ஒவ்வொரு ஊராக எடுத்துக்கொண்டு போனதில் விவேகம் இருக்கிறது. 2025 ஜூனில் ரயில்வே, நிமிஷத்துக்கு 32,000 டிக்கெட் போடும் இந்த அமைப்பை நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போடுமாறு புதிதாக ஆக்குவதாக அறிவித்தது. வேகம் வரட்டும், சந்தோஷம். அந்த ஒதுக்கீட்டு நெளிவு சுளிவுகள் அத்தனையும் அங்கேயும் போய்ச் சேர வேண்டும்.

அவசரப்பட்டவர்கள் பட்ட பாடும் உண்டு. இங்கிலாந்தில் டி.எஸ்.பி. என்று ஒரு பாங்க். 52 லட்சம் வாடிக்கையாளர்கள். தன் கணக்குகளை எல்லாம் பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு 2018 ஏப்ரலில் ஒரே வாரக்கடைசியில் மாற்றியது. திங்கட்கிழமை விடிந்தால் 19 லட்சம் பேருக்குத் தங்கள் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை. சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது! முழுவதும் சீராக டிசம்பர் ஆயிற்று. தலைமை அதிகாரி பதவி விலகினார். 2022 டிசம்பரில் அபராதம் மட்டும் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. விசாரணையில் வெளிவந்த காரணங்களில் ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. புதிய அமைப்பு இரண்டு டேட்டா சென்டர்களில் ஓட வேண்டியது. இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு, பாரம் தாங்குமா என்ற சோதனையை ஒன்றில் மட்டும் செய்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்று போல இல்லை. இரட்டைப் பாதையில் ஒரு லைனை மட்டும் பரிசோதித்துவிட்டு இரண்டிலும் வண்டி விடுவார்களா?

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளின் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி வேலைகளில் மேலிடத்திலிருந்து வரும் உத்தரவு, செலவைக் குறை என்பதுதான். வாடகையைக் குறைக்கத் தொடங்கிய கை, ஆட்களையும் சேர்த்தே குறைக்கிறது. பழைய அமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஐம்பது வயதுக்காரருக்குத்தான் முதல் கடிதம் போகிறது. பட்டியல்தான் கையில் இருக்கிறதே, அவர் எதற்கு என்று நினைக்கிறார்கள். கீமேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ரிஜிஸ்டரை நம்புகிற கதை. அவர் போன ஆறு மாதத்தில் சம்பளம் வரவில்லை, ரசீது அடிக்கவில்லை என்று கூக்குரல் வரும். அப்போது நள்ளிரவில் போன் அடிப்பது அந்த மேலிடத்துக்கு அல்ல, மூன்று வருஷ அனுபவம் உள்ள நம் பிள்ளைக்கு. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த எக்ஸெல் தாள் ஒன்றுதான்.

ஆகவே இந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தண்டவாளக்காரன் சொல்லக் கூடியது இவ்வளவுதான். பட்டியலில் கருவி போடாத மூன்று கட்டங்களை நீங்களே கையால் சேருங்கள்: இதற்குச் சொந்தக்காரர் யார், இதைக் கடைசியாக யாரைக் கேட்டோம், வருஷத்தில் எந்த நாளில் இதற்கு வேலை. சொந்தக்காரர் கட்டம் காலியாக இருக்கும் வரிகளைத் தனியே எடுத்துக்கொண்டு, கான்டீனில் டீ வாங்கிக் கொடுத்தாவது பழைய ஆட்களைக் கேளுங்கள். அவர்கள் போவதற்கு முன்னால் கேளுங்கள். பட்டியலை ஒரு தடவை எடுத்ததோடு விடாதீர்கள். மூன்று மாதத்தில் புதிதாக இருபது சர்வர் முளைத்திருக்கும், மாற்றும் வாரத்தில் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். இன்னொன்று, அந்தக் கோப்பில் வீட்டின் வரைபடமே இருக்கிறது. திருடன் கையில் கிடைத்தால் எந்த அறையில் என்ன என்று தேட வேண்டியதில்லை. ஈமெயிலில் பத்துப் பேருக்கு அனுப்பி வைக்காதீர்கள். ஆர்.வி.டூல்ஸ் பெயரிலேயே போலித் தளங்கள் வைத்து, நச்சு நிரலைக் கலந்து கொடுத்த விவகாரம் 2025-ல் வெளிவந்தது. சாமானைக் கணக்கெடுக்க வந்தவனே கன்னக்கோலோடு வந்த மாதிரி!

வீட்டில் இருக்கும் நமக்கும் ஒரு வார்த்தை. மைக்ரேஷன் வாரம் என்று பிள்ளை சொன்னால், அந்தச் சனிக்கிழமை நிச்சயதார்த்தம் வைக்காதீர்கள். ரயில்வேயில் ‘பிளாக்’ எடுப்பது போலத்தான் அது. இத்தனை மணிக்கு வண்டிகளை நிறுத்தினோம், இத்தனை மணிக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும். நடுவில் போனை எடுத்து “சாப்பிட்டாயா?” என்று கேட்டால் பதில் எரிச்சலாகத்தான் வரும். என் மனைவி என்னிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது அதிகம்.

எல்லாம் மாற்றி முடித்த பிறகும் யாருக்கும் சொந்தமில்லாத சில சர்வர்கள் பழைய வீட்டில் மிஞ்சுமாம். அவற்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்கு ‘அலறல் சோதனை’ என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சர்வரை அழிக்காமல் வெறுமனே நிறுத்தி வைப்பது. யாராவது அலறிக்கொண்டு ஓடி வந்தால் உடனே ஓடவிட்டு, சொந்தக்காரர் கட்டத்தில் அவர் பெயரை எழுதிக்கொள்வது. மருமகளின் கம்பெனியில் இதற்கு முப்பது நாள் தவணை வைத்திருந்தார்களாம். அந்த அம்மாளின் சர்வரைப் பற்றித் தெரிந்த பிறகு, சொந்தக்காரர் தெரியாதவற்றுக்கு மட்டும் ஒரு மார்ச் முடியும் வரை என்று மாற்றிவிட்டார்கள். அதுவும் தாண்டினால் டிஸ்க்கை முழுக்கத் துடைத்து, துடைத்தாயிற்று என்று ஒருவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கோப்பில் சேர்க்கிறார்கள். 1892-ல் ஸ்டேஷன் மாஸ்டர்கள் எழுதிக் கொடுத்த அதே காகிதம்தான்.